வீட்டிலிருந்து உத்தியோகம்

(கடையத்தில் கூடிய நமது சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டிலிருந்தபடியே உத்தியோகம் பார்க்க ஊழியரை அநுமதிப்பதனால் உண்டாகும் நன்மைகள் யாவை என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம். இது பட்டணத்துக் கம்பெனிகளைச் சேர்ந்த விஷயம், கடையத்தில் கூடிப் பேச இதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக் கூடும். கடையத்துக்கும், அதைச் சூழ்ந்த ஆழ்வார்குறிச்சி, பொட்டல்புதூர், பாவூர்சத்திரம் முதலிய ஊர்களுக்கும் இதைவிட நெருங்கிய விஷயம் வேறொன்று இல்லை என்பதே நமது துணிபு. எந்தத் தெருவிலும் பத்து வீடு நடந்து பாருங்கள். பூட்டிய வீடுகள் சில. வயோதிகத் தம்பதிகள் மட்டும் இருக்கும் வீடுகள் சில. பிள்ளை சென்னையிலும் மருமகள் பெங்களூரிலும் இருக்க, பேரக் குழந்தையை ஆண்டுக்கு ஒரு முறை, பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்கு வரும்போது மட்டும் காணும் பாட்டிமார் பலர். படிப்பு வளர்ந்தது; சம்பளமும் வளர்ந்தது; ஊர் தேய்ந்தது. இதற்குப் பரிகாரம் உண்டா என்பதை ஆலோசிப்பது நம்மனோர் கடமையன்றோ?

வெளியூர் சென்று பொருளீட்டுவது தாழ்வென்று நாம் கூற வரவில்லை. கடல் கடந்தும் பொருள் தேட வேண்டுமென்பது நம் பெரியோர் கொள்கை. கொழும்புக்கும் பினாங்குக்கும் பம்பாய்க்கும் சென்ற நெல்லைச் சீமையார் அனுப்பிய பணத்தாலேயே இங்குப் பல குடும்பங்கள் தலையெடுத்தன. ஆயின் அக்காலத்தில் வேலை இருந்த இடத்துக்கு ஆள் போயே தீர வேண்டும், வேறு வழியில்லை. இவ்வூருக்கே இதில் ஒரு சான்று உண்டு. 1918 ஆம் ஆண்டு புதுவையை விட்டு வந்து சிறைப்பட்டு, டிசம்பரில் விடுதலையான சுப்பிரமணிய பாரதியார், தம் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊராகிய கடையத்துக்கே வந்து தங்கினார். எழுதுகிறவருக்கு வேண்டியவை காகிதமும் பேனாவும் அமைதியும் தாம். அவை கடையத்தில் இருந்தன. மாதச் சம்பளமோ சென்னையில் இருந்தது. 1920 இல் அவர் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையில் உதவியாசிரியராக அமரும் பொருட்டுச் சென்னைக்கே குடிபெயர வேண்டியதாயிற்று. எழுத்து வேலைக்கும் ஆள் நேரில் போக வேண்டியிருந்த காலம் அது.

இன்று நிலைமை வேறு. கணக்கு எழுதுதல், கடிதப் போக்குவரத்து, கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுதல், படம் வரைதல், மொழிபெயர்த்தல், வாடிக்கைக்காரருக்குத் தொலைபேசியில் விடை கூறுதல் ஆகிய தொழில்களில் கைக்கு வருவதும் கையிலிருந்து போவதும் செய்தியே. செய்தி கம்பி வழியே போகும்போது ஆளும் ரயிலேறிப் போவானேன்? இக்கேள்வியை 1973 ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான ஜாக் நில்லெஸ் என்பவர் கேட்டு, தூரத்திலிருந்து உத்தியோகம் பார்க்கும் முறைக்கு ஒரு தனிப் பெயரும் இட்டார். ஆயினும் முதலாளிமார் ஐம்பதாண்டு வரையில் அதைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 2020 மார்ச் 25 ஆம் தேதி நம் தேசம் முழுவதும் ஊரடங்கு வந்த பின்பே, முடியாது என்றிருந்தது சில தினங்களில் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசின் தொலைத்தொடர்பு இலாகாவும், அழைப்பு மையங்கள் முதலியவற்றை வீட்டிலிருந்து நடத்துவதற்கு முன்பு விதித்திருந்த கட்டுப்பாடுகள் பலவற்றைத் தளர்த்தியது.

நிற்க, இதனால் விளையும் அநுகூலங்களை வரிசையாகக் கூறுவாம்.

முதலாவது, முதலாளிக்கு வரும் லாபம். ஊழியருக்கு நன்மை என்றால் முதலாளிக்கு நஷ்டம் என்று எண்ணுவது நம்மவர் வழக்கம். சீன தேசத்து ஷாங்காய் நகரில் ஒரு பிரயாண ஏற்பாட்டுக் கம்பெனி இதைப் பரீட்சித்துப் பார்த்தது. 2010 ஆம் ஆண்டின் இறுதி முதல் ஒன்பது மாதம், தொலைபேசியில் விடை கூறும் ஊழியருள் மனமுவந்து முன்வந்தவர்களைச் சீட்டுப் போட்டது போல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை வீட்டிலும் மற்றதை ஆபீஸிலும் வேலை செய்ய வைத்தது. நிக்கலஸ் புளூம் முதலிய பொருளாதார ஆசிரியர்கள் அதைக் கணக்கிட்டு 2015 இல் வெளியிட்டார்கள். வீட்டிலிருந்தவர் வேலை 13 சதவீதம் கூடிற்று; வேலையை விட்டு விலகுவோர் தொகை பாதியாகக் குறைந்தது. கூடியதில் பெரும்பகுதி, அவர்கள் உடல்நலக் குறைவால் எடுக்கும் விடுப்பும் இடைவேளையும் குறைந்ததால் வந்தது. கட்டட வாடகையும் மிச்சம்.

பின்பு அதே கம்பெனி 2021 லும் 2022 லும், 1,600 பேருக்கு மேற்பட்ட படித்த உத்தியோகஸ்தரிடையே, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலும் மூன்று நாள் ஆபீஸிலும் என்னும் முறையைச் சோதித்தது. வேலையின் தரம் குறையவில்லை. பதவி உயர்விலும் வித்தியாசம் காணவில்லை. ராஜிநாமா மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பழகிய ஆள் ஒருவர் போனால் புதியவரைத் தேடிப் பழக்குவதற்கு ஆகும் செலவையும் காலத்தையும் வியாபாரம் செய்யும் நம் அங்கத்தினர் நன்கறிவார்கள்.

இரண்டாவது, பெண்மக்களுக்கு வரும் நன்மை. நம் குடும்பங்களில் பெண்களைக் கல்லூரிக்கு அனுப்புவதில் இப்போது பின்வாங்குவோர் சிலரே. ஆனால் பட்டம் பெற்ற அப்பெண் கலியாணமாகி முதற்குழந்தை பிறந்தவுடன் வேலையை விடுகிறாள். பத்து வருஷம் படித்துப் பெற்ற தேர்ச்சி பரணில் ஏறிவிடுகிறது. 2017 ஆம் ஆண்டு செய்த பிரசவ சகாயச் சட்டத் திருத்தம், சம்பளத்தோடு கூடிய விடுமுறையை 26 வாரமாக உயர்த்தியதோடு, வேலையின் தன்மை இடங்கொடுக்குமாயின், விடுமுறைக்குப் பின்பும் இரு தரத்தாரும் ஒப்பிய நிபந்தனைகளின்படி வீட்டிலிருந்து வேலை செய்ய இடம் தந்தது. இதை அறியாமல் ராஜிநாமாக் கடிதம் எழுதிய பெண்கள் எத்தனை பேர்! எழுதுமுன் கேட்டுப் பார்க்கும்படி நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும். நடக்கவியலாத அங்கக் குறையுடையோருக்கும், படுக்கையிலிருக்கும் தாய் தந்தையரை விட்டு நகர முடியாதவருக்கும் இதுவே வழி.

மூன்றாவது, ஊருக்கு வரும் நன்மை. சென்னையில் சம்பாதிப்பவர் சம்பளத்தில் ஒரு பெரும்பங்கு வீட்டு வாடகைக்கும் போக்குவரத்துக்கும் போகிறது. அதே சம்பளம் கடையத்தில் செலவானால் இங்குள்ள மளிகைக் கடைக்கும், பால்காரருக்கும், கொத்தனாருக்கும், பள்ளிக்கூடத்துக்கும் அது பாயும். படித்தவர் ஊரில் இருந்தால் பள்ளிக்கூடக் குறையைக் கேட்பார்; கால்வாய்க் குறையைக் கேட்பார்; கிராம சபைக்குப் போவார். அன்றியும் அவரைப் பார்த்து வளரும் சிறுபிள்ளைகள், நல்ல உத்தியோகம் என்பது ஊரை விட்டு ஓடியவருக்கு மட்டும் உரியதன்று என்று அறிவார்கள்.

இது வெறுங்கனவு என்பார்க்கு, இவ்வட்டாரத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1996 இல் தொடங்கப் பெற்று இப்போது ஸோஹோ என வழங்கும் கம்ப்யூட்டர் மென்பொருள் கம்பெனி, 2011 ஆம் ஆண்டில் தென்காசிப் பகுதியில் ஓர் ஆபீஸ் திறந்தது. பின்பு தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அது வளர்ந்தது. அங்கிருந்து செய்யப்பட்ட மென்பொருளை உலகின் பல தேசத்து வியாபாரிகள் உபயோகிக்கிறார்கள். அதன் ஸ்தாபகருள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அவர்கள் 2019 இல் அமெரிக்காவை விட்டு அக்கிராமத்துக்கே வந்து குடியேறி, அங்கிருந்தே கம்பெனியை நடத்தினார். 2021 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இதை வீட்டிலிருந்து வேலை என்பதைவிட, வீட்டருகே வேலை என்பது பொருந்தும். ஆயின் உண்மை ஒன்றே: மூளை வேலைக்குப் பட்டணத்து மண் அவசியமில்லை. குற்றாலத்துச் சாரல் வீசும் இடத்திலும் அது நடக்கிறது.

இஃது இவ்வாறிருக்க, ஒரு பக்கத்தை மட்டும் கூறிச் செல்வது சபைக்கு அழகன்று. மறுபக்கத்தை அறிய நாம் சீனாவுக்குப் போக வேண்டுவதில்லை. கடையத்துத் திண்ணைகளைப் பார்த்தாலே போதும்.

வீட்டிலிருந்து வேலை செய்வது இவ்வூருக்குப் புதியதா? வீரவநல்லூரிலும் கல்லிடைக்குறிச்சியிலும் தறி வீட்டுக்குள் தானே இருந்தது? பத்தமடைப் பாய் வீட்டிலன்றோ நெய்யப்படுகிறது? எல்லாவற்றிற்கும் மேலாக, இச்சீமையில் பல்லாயிரம் பெண்கள் பல தலைமுறையாக வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். இலையை நனைத்து, அளவுக்குக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டி, சுளகை மடியில் வைத்தபடியே குழந்தையைத் தாலாட்டி, சோறும் பொங்கி, மாலையில் கடைக்குக் கொண்டுபோய் எண்ணிக் கொடுக்கிறார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கழிவென்று தள்ளியதற்குக் கூலி இல்லை. தூளின் நெடி வீட்டார் அனைவருக்கும். வீட்டிலிருந்து வேலை செய்வதே சுகம் என்றால், இவர்களன்றோ எல்லாரினும் சுகமாக இருக்க வேண்டும்? ஏன் இல்லை?

காரணம் யாதெனில், வேலை வீட்டுக்கு வந்தபோது வேலைக்காரருக்குரிய பாத்தியதைகள் உடன் வரவில்லை. வாசற்படியைத் தாண்டியதும் நீ என் ஊழியை அல்லள் என்று சொல்ல முதலாளிக்கு வசதியாயிற்று. 1966 ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டில் சுற்றுவோரையும் தொழிலாளரே என்று ஏற்றது. முதலாளிகள் வழக்காடினார்கள். 1974 இல் சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1985 இல், வருங்கால வைப்பு நிதியும் வீட்டிலிருந்து சுற்றுவோருக்கு உண்டென்று அதே கோர்ட்டு தீர்மானித்தது. இத்தனை தீர்ப்புக்குப் பின்பும், ஒருவர் பெயரில் உள்ள பாஸ் புத்தகத்தின் நிழலில் பெயரில்லாத பலர் சுற்றும் வழக்கம் பல இடங்களில் இருந்து வந்திருக்கிறது. 1996 இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம், வீட்டில் வேலை செய்வோரை மற்றத் தொழிலாளருக்குச் சமமாக நடத்த வேண்டுமென்று ஓர் உடன்படிக்கை செய்தது. அதை ஏற்று உறுதி செய்த தேசங்கள் சிலவே. நம் தேசம் அவற்றுள் ஒன்றன்று.

ஆகவே நாம் கூறும் முடிவு இது. நன்மை வீட்டின் சுவரில் இல்லை. வேலையின் நிபந்தனையில் இருக்கிறது. கம்ப்யூட்டர் முன் அமரும் மகளும் சுளகின் முன் அமரும் தாயும் ஒரே வீட்டில் இருந்தே வேலை செய்கிறார்கள். மகளுக்கு மாதச் சம்பளம், விடுமுறை, சேமநிதி யாவும் உண்டு. தாய்க்கோ எண்ணிக்கை மட்டுமே. மகளின் வேலையைப் போற்றும் நாம் தாயின் பாத்தியதையையும் கேட்க வேண்டாவா? அன்றியும், இன்று மாதச் சம்பளக்காரராக வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர், நாளை எண்ணிக்கைக் கூலிக்காரராக மாற்றப்படாமலிருக்க, தாயின் அநுபவமே மகளுக்குப் பாடம்.

இனி, எதிர்ப்போர் கூறும் ஆட்சேபங்களை ஆராய்வோம்.

கண்காணிப்பு இல்லாவிட்டால் வேலை நடக்குமா என்பர் சிலர். எதிரில் உட்கார்ந்திருப்பவரெல்லாம் வேலை செய்கிறார் என்பது என்ன நிச்சயம்? முடிந்த வேலையை அளப்பதே முறை. நெல்லை மரக்காலால் அளக்கிறோம். அறுத்தவர் எத்தனை நாழிகை குனிந்து நின்றார் என்றா அளக்கிறோம்?

புதிதாகச் சேர்ந்த இளைஞர் மூத்தோர் அருகிலிருந்து தொழில் கற்க வேண்டாவா என்பர் வேறு சிலர். இது நியாயமான ஆட்சேபமே. பட்டறையில் நிற்காமல் உளி பிடிக்க வராது. ஆதலால் முதல் ஓரிரண்டு வருஷம் ஆபீஸிலிருந்து தொழில் பழகி, அதன் பின்பு வீட்டு வேலைக்கு அநுமதி பெறுவதே சிலாக்கியம்.

தனிமை வாட்டும் என்பதும் மெய்யே. முற்கூறிய ஷாங்காய்ப் பரீட்சை முடிந்தபின், எங்கே வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்னபோது, வீட்டிலிருந்தவருள் பலர் தனிமை பொறாமல் ஆபீஸுக்கே திரும்பினார்கள். வேலை கூடியும் பதவி உயர்வு அதற்கேற்பக் கிடைக்கவில்லை என்பதும் அங்கே காணப்பட்டது. கண்ணில் படாதவர் கருத்திலும் படார் போலும். ஆசியாவிலுள்ள ஒரு பெரிய மென்பொருள் கம்பெனியில், நோய்க்காலத்தில் 10,000 பேருக்கு மேற்பட்டவர் வேலையை ஆராய்ந்த வேறொரு கணக்கு, வேலை நேரம் கூடி, நேரத்துக்கு ஏற்ற பலன் குறைந்ததைக் காட்டிற்று. கூட்டங்களும் பேச்சுகளும் நேரத்தை விழுங்கின. வீட்டில் குழந்தைகள் உள்ளவர்க்குச் சிரமம் அதிகம்.

இந்தக் கடைசி வாக்கியத்தைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். ஆண்மக்கள் அதனினும் கவனிக்க வேண்டும். மகன் வீட்டிலிருந்து வேலை செய்தால், சும்மாத்தானே இருக்கிறான் என்று ரேஷன் கடைக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் அவனை அனுப்புகிறோம். மருமகள் வீட்டிலிருந்து வேலை செய்தாலோ, சமையல், குழந்தை, விருந்தாளி அனைத்தும் அவள் தலையில். ஆபீஸ் வேலை அதற்கு மேல். காலையில் ஓர் உத்தியோகம், இரவில் ஓர் உத்தியோகம் என்று இரண்டு பார்க்கிறாள், சம்பளம் ஒன்றுக்கே. பட்டணத்து ஆபீஸில் எட்டு மணி நேரமாவது அவளை ஒருவரும் தண்ணீர் கேட்டு அழைத்திரார். வீட்டிலிருந்து வேலை என்பது வீட்டு வேலையன்று என்பதை நாம் உணராவிடில், எத்தனை சட்டம் வந்தும் பயனில்லை. ஊழியரை அநுமதிக்க வேண்டியவர் முதலாளி மட்டுமல்லர். குடும்பத்தாரும் அநுமதிக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை, அழையாதிருக்க ஒரு நேரம், அடுப்படியில் கைகொடுக்க ஒரு கணவன்: இம்மூன்றும் வேண்டும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும்.

முடிவாக, மூன்று விண்ணப்பங்கள்.

தொழிலும் வியாபாரமும் நடத்தும் அங்கத்தினர்களுக்கு: தங்களிடமுள்ள கணக்கு, கடிதம், விற்பனைப் பதிவு முதலிய வேலைகளுள் வீட்டிலிருந்து செய்யத்தக்கவை எவை என்று பிரித்துப் பாருங்கள். பழகிய ஊழியர், விசேஷமாகப் பிள்ளை பெற்ற பெண்கள், கேட்டால் அநுமதியுங்கள். வாரத்தில் சில நாள் நேரில் வரட்டும். நிபந்தனைகளை எழுத்தில் கொடுங்கள். சம்பளமும் விடுமுறையும் பதவி உயர்வும் நேரில் வருவோர்க்கு உள்ளபடியே இருக்கட்டும். கருவியின் செலவையும் கம்பித் தொடர்பின் செலவையும் ஊழியர் தலையில் கட்டாதீர்கள். வேலை முடிந்த பின் இரவில் அழைக்காதீர்கள்.

குடும்பத்தாருக்கு: பிள்ளை ஊருக்குத் திரும்பி வந்து வேலை செய்தால், வேலை போய்விட்டதோ என்று ஊரார் கேட்பார்களே என நாணாதீர்கள். வரன் பார்க்கும்போதும், பட்டணத்தில் இருக்கிறாரா என்று கேட்பதற்கு முன், என்ன தொழில், எவ்வளவு ஸ்திரம் என்று கேளுங்கள். மகளும் மருமகளும் வேலை நேரத்தில் வேலைக்காரர். அந்நேரத்தில் அவர்களை அவ்வாறே மதியுங்கள்.

சங்கத்துக்கு: எல்லா வீட்டிலும் தனியறை இராது, மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடும் இராது. ஆதலால் சங்கக் கட்டடத்தில் ஓர் அறையை ஒதுக்கி, நாலைந்து மேசைகளும், நல்ல இணையத் தொடர்பும், மின்சாரம் தடைப்பட்டால் உதவும் பாட்டரியும் அமைத்துக் கொடுக்கலாம். கலியாண மண்டபத்துக்குத் தாராளமாக நன்கொடை வழங்கும் நமக்கு இது பெருஞ்செலவன்று. பெண்கள் அச்சமின்றி வந்து போகத்தக்க இடமாக அது இருக்க வேண்டும். அதே அறையில் மாதம் ஒரு நாள், பீடி சுற்றும் பெண்மக்களின் பாஸ் புத்தகங்களைப் பார்த்து, வைப்பு நிதி மனுவும் பிள்ளைகளின் படிப்புதவி மனுவும் எழுதிக் கொடுக்க, படித்த இளைஞர் இருவர் முன்வந்தால் அது பெரும்புண்ணியம்.

பட்டணத்தில் இருப்பவரெல்லாம் நாளையே திரும்பி வந்துவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆலையிலும் மருத்துவமனையிலும் கடையிலும் கையால் வேலை செய்வோர் அங்கேதான் இருந்தாக வேண்டும். வரக்கூடியவர் சிலரே. ஆயினும் பத்து வீட்டில் இரண்டு வீடு திறந்தாலும் அத்தெருவில் விளக்கெரியும். வயோதிகருக்கு மருந்து வாங்கி வர ஆள் இருக்கும். பூட்டிய கதவுகளைத் திறக்க முதலாளியின் அநுமதி பாதி. நம்முடைய மனம் பாதி. முதற்பாதியைக் கேட்டுப் பெற வேண்டும். இரண்டாம் பாதி நம் கையிலேயே இருக்கிறது. இவ்வறை விஷயத்தை அடுத்த காரியக் கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம்.